பரண்மேல் இருக்கும் லேபிள்கள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பன் ரூமில் உட்கார்ந்து வெட்டியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஃபோர்ஸா ஹொரைசன் 4-ல் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். 2018-ல் வந்த கேம். 2024 டிசம்பரோடு கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், முன்னாடியே வாங்கி வைத்தவர்கள் மட்டும் இன்னும் விளையாடலாம். அவன் அப்படி வாங்கி வைத்தவன். காரின் கதவு, டேஷ்போர்டு, சீட் தையல் வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். எனக்குத் தையல்தான் கண்ணில் படும், பிறந்த ஊர் அப்படி :)

"இந்த கேமுக்கு வேலை செஞ்சதுல பெங்களூர் கம்பெனி ஒண்ணு இருக்கு தெரியுமா? த்ருவா இன்டராக்டிவ்னு பேரு" என்று எனக்குத் தெரிந்ததை எடுத்து விட்டேன்.

அவன் திரும்பிக்கூட பார்க்கவில்லை. "அது ஜாப் ஒர்க்குடா. கேம் யாரோடது? மைக்ரோசாஃப்ட்டோடது. ஜப்பான்ல பாரு, கொஜிமான்னு ஒருத்தர் பேருக்கே கேம் விக்குது. நம்மாளுக எப்பவும் அடுத்தவனுக்குத் தெச்சுக் குடுக்கற கேஸுதான்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். இவன் வீடும் பனியன் தொழில், என் வீடும் பனியன் தொழில். இரண்டு பேர் படிப்பு ஃபீஸும் ஜாப் ஒர்க் காசில்தான் கட்டப்படுகிறது. அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரூமுக்கு வந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

வெளியூர் நண்பர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் எடுக்கும். துணியைக் கட்டிங் செய்து, கட்டுக் கட்டாக எங்கள் மாதிரி சின்ன யூனிட்டுகளுக்கு அனுப்பும். நாங்கள் தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், பீசுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. துணி அவர்களது, டிசைன் பையருடையது, நூல் கலர் வரைக்கும் பையர் சொல்வதுதான். எங்களுடையது மெஷினும் கையும். 2024-25-ல் இந்த ஊரிலிருந்து ஏற்றுமதியான பின்னலாடை சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி வேறு நாட்டுக் கம்பெனிகளின் லேபிளோடு போனது.

அந்த லேபிள் எங்கள் யூனிட்டுக்கு எப்படி வரும் என்று பார்த்தால் தமாஷாக இருக்கும். துணிக் கட்டு வரும்போது கூட ஒன்றிரண்டு பீஸ் வந்தாலோ குறைந்தாலோ பேசிக்கொள்ளலாம். லேபிள் மட்டும் எண்ணி வரும், எண்ணித்தான் திரும்பிப் போகும். ஆயிரம் வந்தால் தைத்தது போக மிச்சம், கிழிந்தது எல்லாவற்றையும் கணக்கு காட்ட வேண்டும். குறைந்தால் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்குப் புரியாது. பெரிய துணியை விட்டுவிட்டு இந்தக் கட்டை விரல் அகலத் துண்டுக்கு ஏன் இவ்வளவு காவல் என்று நினைப்பேன். பி.காம் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. 200 ரூபாய்க்குக் கூடப் போகாத சட்டையை 2000 ரூபாய் ஆக்குவது அந்தத் துண்டுதான்.

சரி, த்ருவா கதைக்கு வருவோம்.

ராஜேஷ் ராவ் என்பவர் 1997-ல் பெங்களூரில் த்ருவா இன்டராக்டிவ்வைத் தொடங்கினார். இந்தியாவில் வீடியோ கேம் உருவாக்குவதற்கென்றே ஆரம்பித்த முதல் கம்பெனிகளில் ஒன்று அது. 1997 என்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தே 2 வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அந்தத் தெருவுக்கே தெரியும். கேம் செய்வது ஒரு தொழில் என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் (இப்போதும் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்).

அவருக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பு 1998-ல். பிரான்ஸ் நாட்டு இன்ஃபோகிராம்ஸ் கம்பெனி, நின்டெண்டோ 64-ல் வந்த மிஷன் இம்பாஸிபிள் கேமின் கம்ப்யூட்டர் பதிப்பைச் செய்து தரும் வேலையைக் கொடுத்தது. இந்தியாவில் உட்கார்ந்து ஒரு ஹாலிவுட் படத்தின் கேம்! ஆனால் அந்தப் பதிப்பு கடைக்கு வரவே இல்லை. வேலை நடந்தது, சரக்கு வெளியே போகவில்லை. திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வலி புரியும். ஷிப்மென்ட் கேன்சல் என்றால் என்ன என்று எங்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அவர் போன பாதைதான் முக்கியம். முழு கேமைச் செய்வதை விட்டுவிட்டு, கேமின் பாகங்களைச் செய்து தரும் வேலைக்கு வந்தார். பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் 2002-ல் வெளியிட்ட டோகா ரேஸ் டிரைவருக்குக் கார்கள் செய்து தந்தார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட்டின் ஃபோர்ஸா வரிசை. 2019-ல் வந்த டேஸ் கான் வரை பட்டியல் நீளம். வேலை எப்படி நடக்கும் என்றால், அங்கிருந்து காரின் போட்டோக்களும் அளவுகளும் வரும். எத்தனை நுணுக்கம் வேண்டும், எந்த பாகம் எப்படித் திறக்க வேண்டும் என்று ஒரு நோட்டு வரும். இவர்கள் முப்பரிமாண மாடல் செய்து அனுப்புவார்கள், அங்கே பார்த்துவிட்டுத் திருத்தம் சொல்வார்கள், மறுபடி செய்வார்கள், ஓகே ஆனால் அடுத்த கார். பையர் டெக் பேக் அனுப்புகிறார், நாம் சாம்பிள் அனுப்புகிறோம், கழுத்துப்பட்டை கால் இன்ச் அதிகம் என்று திரும்பி வருகிறது. ஒரு வித்தியாசமும் இல்லை.

இதை வைத்து 20 வருஷம் ஒரு கம்பெனியை நடத்தினார். 2005-ல் வந்த தாமஸ் ஃப்ரீட்மேனின் 'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்' புத்தகத்தில் ராஜேஷ் ராவ் ஒரு முக்கியமான ஆள். மொபைல் கேம்களுக்காக சார்லி சாப்ளின் உருவத்தின் உரிமையைத் த்ருவா வாங்கியிருந்தது என்று அதில் வருகிறது. அதாவது அப்போதே அவருக்குச் சொந்தச் சரக்கு செய்யும் ஆசை இருந்திருக்கிறது. ஆனால் கம்பெனிக்குச் சோறு போட்டது கார்கள்தான்.

2016 டிசம்பரில் சுவீடனின் ஸ்டார்பிரீஸ், த்ருவாவின் 90.5 சதவீதப் பங்கை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் 60 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 300 பேருக்கு மேல் வேலை செய்த கம்பெனி. 2019 மே மாதம் அதே ஸ்டார்பிரீஸ் தன் பங்கை 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டாருக்கு விற்றுவிட்டது. ஜி.டி.ஏ. செய்கிற அதே ராக்ஸ்டார். அத்தோடு த்ருவா என்ற பெயர் ராக்ஸ்டார் இந்தியாவுக்குள் கரைந்தது.

இங்கேதான் நண்பன் பாயிண்ட் பிடிப்பான். "பாத்தியா, 20 வருஷம் ஒழச்சு கடைசில பேருகூட மிஞ்சல."

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நடுவில் ஸ்டார்பிரீஸுக்கு என்ன ஆனது என்று பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஸ்டார்பிரீஸ் ஜாப் ஒர்க் கம்பெனி இல்லை. பேடே 2 என்ற, பிரமாதமாக விற்ற கேமின் லேபிள்காரன். அந்தத் தெம்பில் நாலாபக்கமும் முதல் போட்டது. 2018 நவம்பரில் தி வாக்கிங் டெட் கேமை வெளியிட்டது, அது படுத்தது. அடுத்த மாதமே கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. தலை தப்புவதற்காக விற்றவற்றில் ஒன்றுதான் த்ருவா. லேபிள்காரன் ஒரே சரக்கில் கவிழ்ந்தான். அடுத்தவன் காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதும் வேலை இருந்தது, வாங்கவும் ஆள் இருந்தது.

அதனால் ஜாப் ஒர்க் என்று இளக்காரமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அது மாசச் சம்பளத்தை உறுதி செய்கிற தொழில். சனிக்கிழமை சாயங்காலம் 9 பேருக்குக் கூலியை எண்ணிக் கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ராஜேஷ் ராவ் அந்தக் கூலியை ஒரு நகரத்துக்கே புதிதாக இருந்த தொழிலில் 20 வருஷம் கொடுத்திருக்கிறார். நாஸ்காமின் கேமிங் அமைப்புக்குத் தலைமை தாங்கி, தொழில் மொத்தத்துக்கும் பேசியிருக்கிறார். ராக்ஸ்டார் பெங்களூரில் நூற்றுக்கணக்கில் ஆள் வைத்திருக்க முடிகிறது என்றால், அந்த வேலை தெரிந்த ஆட்கள் அங்கே இருந்ததும் ஒரு காரணம். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் ஏதோ உறுத்துகிறது இல்லையா? எனக்கும்தான். அது என்ன என்பதற்கு நண்பன் சொன்ன ஜப்பான்காரர் கதையையே எடுத்துக்கொள்வோம்.

ஹிதேயோ கொஜிமா 1963-ல் பிறந்தவர். காலேஜில் படித்தது பொருளாதாரம் (காமர்ஸ் மக்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்). 1986-ல் கொனாமி கம்பெனியில் சேர்ந்தார். 1987-ல் மெட்டல் கியர். எதிரியைச் சுடுவதைவிட அவன் கண்ணில் படாமல் ஒளிந்து போவதே முக்கியம் என்று வைத்த கேம். 1998-ல் மெட்டல் கியர் சாலிட் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சினிமா டைரக்டர் மாதிரி கேம் அட்டையில் பெயர் போடும் அளவுக்கு வளர்ந்தார்.

2015 மார்ச்சில் கொனாமி, வெளிவர இருந்த மெட்டல் கியர் சாலிட் 5-ன் அட்டையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. அந்த வருஷ டிசம்பரில் அந்த கேமுக்கு விருது கிடைத்தபோது அவர் விழாவுக்கு வர கொனாமி விடவில்லை என்று மேடையிலேயே அறிவித்தார்கள். அதே மாதம் வெளியேறி, கொஜிமா புரொடக்ஷன்ஸைத் தனிக் கம்பெனியாகத் தொடங்கினார். 29 வருஷம். வெளியே வரும்போது மெட்டல் கியரில் ஒரு துரும்பும் அவருக்குச் சொந்தமில்லை. 2025 ஆகஸ்டில் கொனாமி பழைய மெட்டல் கியர் சாலிட் 3-ஐப் புதுசாகச் செய்து வெளியிட்டது, அவர் இல்லாமலே.

அதாவது நண்பன் எனக்கு உதாரணமாகக் காட்டிய ஆளும் வாழ்க்கையின் பெரும்பகுதி அடுத்தவன் லேபிளுக்குத்தான் தைத்தார்! அவர் பெயர் அட்டையில் இருந்தது, ஆனால் அந்தப் பெயரை எடுக்கும் கத்தரி கொனாமி கையில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். 2019 நவம்பரில் வந்த டெத் ஸ்ட்ராண்டிங்கை சோனி பணம் போட்டு வெளியிட்டது. 2024 நவம்பரில் அந்த கேம் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தபோது, அதன் உரிமை இனி முழுக்கத் தங்களுடையது என்று அவர் கம்பெனி அறிவித்தது. 61 வயதில், தான் தைத்த சட்டைக்குத் தன் லேபிள்.

இன்னொருவர் கதை இதைவிட நமக்கு நெருக்கம். டொரண்டோவில் அபி என்ற தமிழர் விசை கேம்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோவைத் தொடங்கி, 2023 ஜூலை 31 அன்று வெண்பா என்ற கேமை வெளியிட்டார். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் அம்மா எழுதிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட வரியை நாம் யூகித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். நடுவில் ரேடியோவில் அந்தந்தக் காலத்து சினிமாப் பாட்டு மாதிரியே பாட்டுகள் வரும். மகனுக்குத் தமிழ் மெல்ல மெல்ல விட்டுப்போவதுதான் கதை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். (எனக்குக் கூடுதலாக ஆனது. இட்லித் தட்டைத் தப்பாக அடுக்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.)

2024-ல் இந்தக் கேம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. தனிப்பட்ட சிறு தயாரிப்பாளர்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும் அதற்கே. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்த, இட்லி பற்றிய ஒரு கேம்!

த்ருவாவில் இதைவிடப் பல மடங்கு ஆட்கள், 20 வருஷ அனுபவம். அவர்களால் ஒரு வெண்பா செய்திருக்க முடியாதா? கை இருந்தது, திறமை இருந்தது. என் யூகம் இதுதான்: நேரம் இருந்திருக்காது. அடுத்த கார் எப்போதும் காத்துக்கொண்டிருந்திருக்கும். ஜாப் ஒர்க்கில் சும்மா இருக்கும் மெஷின் என்பது நஷ்டம். சும்மா இருக்காத மெஷினில் சொந்தச் சட்டை தைக்க முடியாது.

இதைக் கணக்குப் புத்தகமும் நமக்குச் சொல்லித் தராது. எங்களுக்குக் கணக்கியல் தரநிலை 26 என்று ஒன்று உண்டு, தொட்டு உணர முடியாத சொத்துக்கள் பற்றியது. நாமே உருவாக்கிய பிராண்டை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. அடுத்தவர் பிராண்டைக் காசு கொடுத்து வாங்கினால் காட்டலாம். நம் பெயரை நாமே 20 வருஷம் வளர்த்தால் ஏட்டில் பூஜ்யம். விதிக்குக் காரணம் நியாயமானது, மதிப்பை நம்பும்படியாக அளக்க முடியாது என்பதுதான். ஆனால் அதனாலேயே ஒரு சின்ன யூனிட் முதலாளிக்கு லேபிளுக்காகச் செலவழித்த நாள் முழுக்க நஷ்டக் கணக்காகவே தெரியும். ஓவர்லாக் மெஷின் வாங்கினால் சொத்து. லேபிளுக்கு உழைத்தால் செலவு.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா ஒரு சொந்த லேபிள் போட்டார். குழந்தைகள் டி-ஷர்ட். அக்கா பெயரையே வைத்தார். 10 ஆயிரம் லேபிள் நெய்து வந்தது, வெள்ளையில் நீல எழுத்து. அன்றைக்கு வீட்டில் பொங்கல் மாதிரி இருந்தது. அக்கா தன் ஸ்கூல் பையில் ஒன்றைத் தைத்துக்கொண்டு போனாள். அப்பா ஜாப் ஒர்க்கை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, மூன்று மாசம் முழு யூனிட்டையும் அதில் இறக்கினார். வெளியூர்க் கடைகள் சில கடனுக்குச் சரக்கு எடுத்தன. பாதிக் காசு வந்தது, மீதி வரவில்லை. அதற்குள் பழைய கம்பெனி வேறு யூனிட்டுக்கு வேலையைக் கொடுத்துவிட்டது. திரும்ப ஜாப் ஒர்க் கிடைக்க ஆறேழு மாசம் ஆனது. அம்மாவின் வளையல் அந்த வருஷம் போனது இன்னும் வரவில்லை.

தைத்தது ஆயிரத்துச் சொச்சம் பீஸ். மிச்ச லேபிள்கள் ஒரு அட்டைப் பெட்டியில் பரண்மேல் இருக்கின்றன. யாரும் தொடுவதில்லை, யாரும் தூக்கிப் போடுவதும் இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டபோது எங்களுக்கு வேலை தரும் ஒரு கம்பெனி (பேர் வேண்டாம்) கூலியைப் பீசுக்கு ஒரு ரூபாய் குறைத்தது. பையர் தள்ளுபடி கேட்டார், கம்பெனி எங்களிடம் கேட்டது, அப்பா தலையாட்டினார். எந்த நாட்டிலோ போட்ட வரியில் எங்கள் பங்கைக் கட்டினோம். அந்தச் சட்டை என்ன விலைக்கு விற்றது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் பெட்டியைப் பற்றி அப்பாவிடம் முதல் முறையாகப் பேசினேன்.

"ஏம்ப்பா, மறுபடி பாத்தா என்ன?"

"ஒருதடவ சுட்டது போதும் கண்ணு."

அப்போது வாயடைத்துப் போனேன். த்ருவா, கொஜிமா, வெண்பா எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்த பிறகு இப்போது எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அப்பா செய்த தப்பு லேபிள் போட்டது இல்லை. ஜாப் ஒர்க்கை மொத்தமாக நிறுத்தியதுதான் தப்பு. ஸ்டார்பிரீஸ் செய்த அதே தப்பு, அளவுதான் சின்னது. சரி, பயந்து போய் ஜாப் ஒர்க் மட்டுமே செய்தால்? இன்னும் 20 வருஷம் கழித்து மெஷின் பழைய இரும்பு விலைக்குப் போகும், வேறு எதுவும் மிஞ்சாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஜாப் ஒர்க் சோறு போடட்டும். அதிலிருந்து ஒரு சின்னப் பங்கை, தொலைந்தாலும் வீடு தாங்கும் அளவுக்கு மட்டும், முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். மிச்சம் இருந்தால் செய்யலாம் என்று நினைத்தால் மிச்சம் இருக்கவே இருக்காது. அடுத்த கார் வந்துவிடும்.

நம் ஊரிலேயே இதற்கு வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 1983-ல் கே.ஆர். நாகராஜன் திருப்பூரில் தொடங்கிய ராம்ராஜ் இன்று வேட்டி என்றாலே நினைவுக்கு வரும் பெயர். எக்ஸ்போர்ட் ஆர்டருக்குக் காத்திருக்காமல் உள்ளூர்க்காரன் இடுப்பை நம்பிய லேபிள் அது. எல்லோரும் ராம்ராஜ் ஆக முடியாது. ஆகவும் வேண்டியதில்லை. விசை கேம்ஸ் மாதிரி சின்னதாக இருந்துகொண்டே சொந்தமாக இருக்கலாம்.

நோட்டு எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் யூனிட்டில் ஒரு ஷிஃப்டுக்கு 9 பேர், சராசரிக் கூலி 550 வைத்தால் 4,950 ரூபாய். மாசம் 2 ஷிஃப்ட் ஒதுக்கினால் 9,900. குழந்தை டி-ஷர்ட் 200 பீசுக்கு 25 கிலோ துணி, கிலோ 400 என்றால் 10 ஆயிரம். பிரிண்டிங், பேக்கிங், அந்த 2 நாள் வராமல் போகும் ஜாப் ஒர்க் லாபம் எல்லாம் சேர்த்து மொத்தம் 25 ஆயிரம். பீஸ் 150 ரூபாய்க்குக் கடன் இல்லாமல் ஆன்லைனிலோ நேரிலோ விற்றால் 30 ஆயிரம். லேபிள் செலவு பூஜ்யம், அதுதான் 9 ஆயிரம் பரண்மேல் இருக்கிறதே!

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். துணி விலையை அடித்துவிட்டுத் திருத்தினார். கீழே வந்ததும் பென்சிலால் ஒரு இடத்தைத் தட்டினார்.

"வித்தா முப்பதாயிரம்னு போட்டிருக்கற. விக்கலைன்னா எவ்வளவுன்னு போடலயே கண்ணு?"

நியாயமான கேள்வி. ராஜேஷ் ராவையும் மிஷன் இம்பாஸிபிளுக்குப் பிறகு யாராவது இதே கேள்வி கேட்டிருக்கலாம். அவர் கார் பக்கம் போனதில் எனக்கு இப்போது ஆச்சரியம் இல்லை.

"விக்கலைன்னா மாசம் இருபத்தஞ்சு போகும்ப்பா. ஆறு மாசத்துல ஒன்றரை லட்சம். அதோட நிறுத்திக்கலாம். அதுக்கு மேல ஒரு ரூபா கேக்க மாட்டேன்."

பதில் சொல்லவில்லை. நோட்டை மடித்து மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை, அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி அம்மா மட்டும், "அந்தப் பொட்டி எங்க இருக்குன்னு உங்கொப்பன் கேக்கறாரு, எதுக்குடா?" என்றாள்.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: ஜாப் ஒர்க் செய்பவனை மட்டம் தட்டாதே, உன்னையும் என்னையும் வளர்த்தது அதுதான். ஆனால் கடைசி வரை அதை மட்டுமே செய்யலாம் என்று அவன் நினைத்தால், கூட உட்கார்ந்து கணக்கைப் போட்டுக் காட்டு.

டிஸ்கி: கேம் வாங்கிய காசு என்னுடையது இல்லை, அதே நண்பனுடையது. திட்டினாலும் கடன் கொடுப்பவன்தான் நண்பன் :)